பனிக்கரையைக் கற்பனை செய்யும்போது எங்கே சறுக்குகிறோம்?

குளிர்காலமான ஜூலையிலும் கடலில் குளிக்கிற தென்னாப்பிரிக்க டர்பன்காரர்களான நாம் மாய உலகக் கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு பனிக்கரையை வரைந்தால், முதல் கோளாறு திசையில்தான். படித்ததெல்லாம் வடதுருவக் கதைகள் என்பதால் குளிரை வடக்கே வைத்துவிடுகிறோம். உங்கள் வரைபடம் நம் தென் அரைக்கோளம் போன்றதென்றால் குளிர்காற்று தெற்கிலிருந்து வரும், நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். இதில் லாபமும் உண்டு. தெற்கு எமன் திசை. இறந்தவர்கள் பனிக்கு அப்பால் இருக்கிறார்கள் என்ற ஐதீகம் அங்கே தானாக வந்து உட்காரும்.

கடல் ஏரியைப் போல உறையாது. சுமார் -1.8 டிகிரி செல்சியஸில் ஊசிப் படிகங்கள் மிதக்கத் தொடங்கும். அலை இருந்தால் அவை ஓரம் தூக்கிய தோசைகளாகத் திரண்டு, பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். மெல்லிய புதுக் கடல்பனி காலடியில் வளைந்து கொடுக்கும். ஆகவே 'சடார்' என்ற விரிசல் சத்தத்தை ஏரிக்கு விட்டுவிடுங்கள். இங்கே நாயகி தரை அசைவதைப் பாதத்தில் உணர்ந்து திரும்பட்டும்.

மிதக்கும் பனிமலை வேறு சாதி. நிலத்தில் மெல்ல நகரும் பனித்திரளான பனியாறு கடலில் உடைந்து விழுந்த நன்னீர்க் கட்டி அது. வரைபடத்தில் பனியாறே இல்லையென்றால் மலை எங்கிருந்து வந்தது? பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கும்; அடிப்பகுதி கரைந்தால் நிலை தவறிப் புரண்டுவிடும். அதன் நிழலில் படகைக் கட்டுகிறவன் அனுபவசாலி அல்ல.

கப்பலைப் பனி ஒரே இரவில் நொறுக்குவதும் அவசரம். ஷாக்கிள்டனின் அண்டார்க்டிகப் பயணக் கப்பல் 'எண்டியூரன்ஸ்' 1915 ஜனவரியில் அங்குள்ள வெட்டல் கடலின் பனியில் சிக்கியது, மூழ்கியது நவம்பரில்தான். 2022இல் தென்னாப்பிரிக்கக் கப்பல் 'எஸ்.ஏ. அகுல்லாஸ் 2'இல் சென்ற குழு அதை 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டது. மரத்தைத் துளைக்கும் புழுக்கள் அங்கே இல்லாததால் பலகைகள் பெரிதும் கெடவில்லை. கடலடியில் அழியாமல் நிற்கும் கப்பல் என்ற கதைக்கு மந்திரமே வேண்டாம்.

உறைநீரில் அரைமணி நேரம் நீந்தும் வீரனையும் மறந்துவிடுங்கள். முதல் நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். பத்து நிமிடத்துக்குள் விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுக்கும். குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன்பே பலர் மூழ்கிவிடுவார்கள்.

தொன்மங்களில் பெரிய தவறு, ஆபத்துக்கு ஒன்றாக அரக்கர்களை நிறுத்துவது. மாலுமி கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குங்கள். கடலை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று படிந்தால் ஒளி வளைந்து, தொலைவிலுள்ள பனி கோட்டைச் சுவராக நீண்டு தெரியும். கப்பல் அந்தரத்தில் தொங்கும். பனிப்பரப்பின்மேல் மேகத்தின் அடிவயிறு வெளுக்கும், திறந்த நீரின்மேல் கறுக்கும். பூசாரிக்கு அந்தக் கறுப்புக்கோடு இறந்தவர்களின் பாதை, மீனவனுக்கு வழிகாட்டி.

எல்லாவற்றையும் விளக்கிவிடவும் கூடாது. 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட 'வராட்டா' கப்பல் 211 பேருடன் மறைந்தது. சிதைவு கிடைக்காததால்தான் இன்னும் பேசுகிறோம். ஆனால் ஊர் விதிக்கும் தடைகளுக்குள் ஒரு காரணத்தை ஒளித்து வையுங்கள்: "கிழவி முனகும்போது கரையோரம் போகாதே" என்றால், அந்த முனகல் அலையேற்றம் பனியைத் தூக்கிக் கரையோரத்தில் பிளக்கும் சத்தம்.