ஒரே டிரவுட், மூன்று காப்பு அலகுகள்: கோடு எங்கே போடுவது?

அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே எல்லையில் கிடக்கிறது மெல்வின் ஏரி. அதில் இருக்கும் பழுப்பு டிரவுட் மீன் அத்தனைக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவியல் பெயர் ஒன்றுதான்: சால்மோ ட்ரூட்டா. தூண்டில்காரர்களோ மூன்று பெயர் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? காப்பு அலகு பிரிக்கப் பழக இதைவிட நல்ல ஏரி எனக்குத் தெரியாது. காப்பு அலகு என்றால், ஒரே இனத்துக்குள் தனியாகக் கணக்கெடுத்துத் தனியாகக் காக்க வேண்டிய கூட்டம்.

படி 1: ஊர்ப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்

கில்லரூ, ஐரிஷ் மொழியில் 'சிவந்த பையன்'. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. நத்தை தின்னும், வயிற்றுச் சுவர் தடித்திருக்கும். சோனகனுக்குத் துடுப்பு கறுப்பு, தீனி நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்கள். ஃபெராக்ஸ் மற்ற மீன்களைத் தின்றே பெரிதாக வளரும். நிறமும் பருமனும் தீனியாலும் மாறும் என்பதால், இப்போதைக்கு இது வெறும் சந்தேகம்தான்.

படி 2: முட்டையிடும் இடத்துக்குப் போங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஏரியில் வலை போட்டால் மூன்றும் கலந்து வரும். முட்டையிடும் பருவத்தில் பாருங்கள்: கில்லரூ ஏரியிலிருந்து வெளியேறும் டிரௌஸ் ஆற்றுக்குப் போகிறது, சோனகன் ஏரிக்குள் வரும் ஓடைகளில் ஏறுகிறது, ஃபெராக்ஸ் கிளெனானிஃப் ஆற்றின் ஆழமான கீழ்ப்பகுதியைத் தேடுகிறது.

துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டு நறுக்கி எத்தனால் குப்பியில் போட்டு, மீனைத் திரும்ப விட்டுவிடுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். குஞ்சுகளை எடுப்பதானால் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்துவிட்டால், ஒரு குடும்பத்தைத் தனிக் கூட்டம் என்று நம்பிவிடுவீர்கள்.

படி 3: மரபணுக் கணக்கு

ஒரு மரபணுவுக்கு 'அ', 'ஆ' என இரண்டு வடிவங்கள்; ஒவ்வொரு மீனிலும் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும். ஒரு கூட்டத்தில் 'அ' 90 சதவீதம், இன்னொன்றில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் 50, 50 மீன் எடுத்தால் மொத்தத்தில் 'அ' பாதிக்குப் பாதி. எல்லாம் ஒரே கூட்டமாகக் கலந்து இணைசேர்ந்திருந்தால் 100 மீனில் 50, இரண்டு வடிவமும் கலந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே இணைசேர்ந்திருந்தால், எண்ணும்போது கூட்டத்துக்கு 9 என 18தான் தேறும். அந்த 32 மீன் குறைவுதான் உங்கள் துப்பு: உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டம் இருக்கலாம்.

மெல்வின் மீன்களில் ஃபெர்குசன், மேசன் என்ற ஆய்வாளர்கள் 1981இல், மரபணு வடிவங்களைக் காட்டிக்கொடுக்கும் புரத வேறுபாடுகளை வைத்து இப்படித்தான் மூன்றையும் பிரித்துக் காட்டினார்கள்.

படி 4: கோடு போடுங்கள்

பசிபிக் சால்மன் மீனுக்காக ராபின் வேப்பிள்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991இல் வைத்த இரண்டு கேள்விகள் போதும். பெரும்பாலும் தனக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்கிறதா? அழிந்தால் அந்த இனத்தின் பரிணாமச் சொத்தில், அதாவது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மரபுப் பண்புகளில், முக்கியமான ஒன்று போய்விடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தனி அலகு. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால், தனி அலகு என்று அவசரப்படாதீர்கள். வெளியிலிருந்து பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். வித்தியாசமே அவற்றால் வந்ததாக இருக்கலாம்.

அறிக்கையில் அலகின் பெயருக்குப் பக்கத்திலேயே அது முட்டையிடும் ஆற்றின் பெயரையும் எழுதுங்கள். கிளெனானிஃபின் அந்தக் கீழ்ப்பகுதி கெட்டு ஃபெராக்ஸ் குறைந்தாலும், 'ஏரியில் டிரவுட் நிறைய' என்றுதான் மொத்தக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும்.