பெண்களின் வரலாற்றை மேடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது எப்படி?

மகளிர் நாளுக்கோ ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கோ சமூக மன்றத்தில் பத்து நிமிட நகைச்சுவை உரை நிகழ்த்தும்படி அழைப்பு வந்தால், 'சிங்கப்பூர் வரலாற்றில் பெண்கள்' என்ற தலைப்பைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். சிரிப்பை வரவழைக்க எதையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை என்பதே இத்தலைப்பின் பெரிய வசதி. நடந்ததை ஆண்டு பிசகாமல் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே துணுக்குகளைத் தேடி அலைவதற்கு முன் ஆவணங்களைத் தேட வேண்டும்.

தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பு அதற்கு நல்ல இடம். பழைய ஆங்கில நாளிதழ்களில் மணமான பெண் பெரும்பாலும் கணவரின் பெயருக்கு முன்னால் ஒரு 'திருமதி'யாகவே அச்சாகியிருப்பார் என்பதால், அவருடைய சொந்தப் பெயரைத் தட்டித் தேடினால் பல நேரங்களில் ஒன்றும் கிடைக்காது. கணவரின் பெயரைத் தட்டினால் வந்து நிற்பார். இதை அப்படியே உரையின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்: "காணாமற்போன பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமா, முதலில் அவருடைய வீட்டுக்காரரைக் கண்டுபிடியுங்கள்."

அடுத்து, ஒரே ஒரு கதையை விரிவாகச் சொல்லுங்கள். பத்துப் பெயர்களை அடுக்கினால் அது பாராட்டுப் பத்திரமாகிவிடும். எவரும் சிரிக்க மாட்டார்கள். என் தேர்வு ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் கதை. அவர் இரண்டு வகை ஆர்க்கிட் செடிகளை இணைத்து ஒரு புதிய மலரை உருவாக்கினார் என்று, தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த ரிட்லி 1893இலேயே எழுதி வைத்தார். அந்த மலர் 1981இல் நாட்டின் தேசிய மலராயிற்று. ஆனால் இடைப்பட்ட காலத்தில், அந்த அம்மையார் தோட்டத்து மூங்கில் புதரில் அதைத் தற்செயலாகக் கண்டார் என்றும், மகரந்தத்தைச் சேர்த்தது ஏதோ ஒரு பூச்சிதான் என்றும் ஒரு கதை பரவி, அதுவே பலருக்கு நம்பத்தக்கதாகவும் தோன்றியது. அவரே அதை உருவாக்கியவர் என்று அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது 2016இல். இங்கே சற்று நிறுத்தி, "123 ஆண்டுகள் அந்தப் பெருமை ஒரு வண்டிடம் பத்திரமாக இருந்தது" என்று சொன்னால் போதும். (பெண்ணைப் பற்றிய வழக்கில் தும்பியைச் சாட்சிக்கு அழைப்பது நம் இலக்கியத்துக்கும் புதிதன்று என்பதைத் தமிழாசிரியர்கள் நிறைந்த அவையில் சேர்த்துக்கொள்ளலாம்.)

இனி, ஒருவர் சொன்ன காரணத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு அதன் எல்லைவரை நடத்திச் செல்லும் உத்தி. மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் மட்டுமே என்ற வரம்பு 1979இல் வந்தது; 2003ஆம் ஆண்டுச் சேர்க்கையில்தான் அது நீங்கியது. பெண் மருத்துவர்கள் திருமணத்துக்குப் பிறகு குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். இதை எதிர்த்துக் கோபமாகப் பேசினால் அவை நெளியும். "மிகச் சரி, திருமணம்தான் சிக்கல். ஆனால் அந்த மணமேடையில் எதிரே மாலையும் கையுமாக நின்றவருக்கு ஏன் ஒரு வரம்பும் வைக்கவில்லை?" என்று பணிவாகக் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் அடுத்த செய்திக்குப் போய்விட வேண்டும். விளக்க ஆரம்பித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

எண்களும் கைகொடுக்கும். பெண்களின் உரிமைகளைக் காக்கும் மாதர் சாசனம் என்ற சட்டத்துக்காக முன்னின்று பேசிய சான் சோய் சியோங் 1970இல் நாடாளுமன்றத்தை விட்டு விலகிய பிறகு, 1984இல் மூன்று பெண்கள் வெற்றி பெறும்வரை அங்கே ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. பதினான்கு ஆண்டுகள் என்றவுடன் தமிழ் அவைக்கு நினைவு வருவது வனவாசம். "ராமனும் இலட்சுமணனும் அரண்மனையிலேயே இருந்துகொண்டு சீதையை மட்டும் காட்டுக்கு அனுப்பிய வனவாசம்" என்ற ஒரு வரியே இதற்குப் போதுமானது.

பெண் பேச்சாளரை 'வீட்டையும் கவனித்துக்கொண்டு மேடையையும் அலங்கரிப்பவர்' என்று அறிமுகம் செய்யும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதே அளவுகோலை ஆண்களுக்குப் பொருத்திப் பாருங்கள்: "சோபியாவின் அன்புக் கணவர் ராஃபிள்ஸ், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி, 1819இல் இங்கே ஒரு வணிக நிலையத்தை அமைத்தார்; அன்று அவர் அணிந்திருந்த மேலங்கி அனைவரையும் கவர்ந்தது." முகத்தில் சிரிப்பின் சாயல் சிறிதும் இல்லாமல், வரவேற்புரைக்கு உரிய அதே குரலில் இதைச் சொல்ல வேண்டும்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 1943இல் வாட்டர்லூ ஸ்திரீட் முகாமில் துப்பாக்கி ஏந்தப் பழகிய, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைச் சேர்ந்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையினரில் பலர் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய பேச்சு வழக்கையோ அறியாமையையோ நடித்துக் காட்டுவது மலிவான வேலை. அவர்களுடைய பேத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கவும் கூடும். 'பெண்களால் முடியுமா?' என்று ஐயப்பட்டவர்களை நடித்துக் காட்டுங்கள், அவர்களிடம் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. பட்டிமன்றங்களில் ஓய்ந்து தேய்ந்த மனைவித் துணுக்குகளையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து "ஆண்களும் உழைத்தார்களே" என்பார். உடனே ஒப்புக்கொண்டு, அவர்களுடைய பெயரில் உள்ள சாலைகளைச் சொல்லும்படி கேளுங்கள். அவர் எண்ணி முடிப்பதற்குள் சிற்றுண்டி நேரம் வந்துவிடும். நன்றியுரையில் "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று ஒருவர் முடித்து உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினால், மறுத்துப் பேசாமல் அந்த வரியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு உரையை அதிலிருந்து தொடங்கலாம்.