பக்கத்தில் கிடைத்தது, தூரத்தில் கிடைக்கவில்லை

கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் புது சிஸ்கோ சுவிட்சில், அதை அமைப்பதற்கான கன்சோல் கேபிளைச் செருகி, கட்டளை அடிக்க உதவும் புட்டி (PuTTY) மென்பொருளைத் திறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்துகள். புட்டியில் இணைப்பு வேகம் 115200 என்றிருந்தது. 9600 ஆக்கி என்டர் தட்டியதும் கட்டளைக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் தெளிவாக வந்தது.

அப்புறம் எனேபிள், கான்ஃபிகர் டெர்மினல் என்ற கட்டளைகள், சுவிட்சுக்கான பெயர், கடவுச்சொல் எல்லாம் சட்டென்று முடிந்தன. சுவிட்சுக்கே முகவரி தரும் இடமான இன்டர்ஃபேஸ் விலான் 1-க்குள் போய் 192.168.10.2 என்ற முகவரியைக் கொடுத்து, அதை இயங்க வைக்கும் நோ ஷட்டவுன் கட்டளையை அடித்தேன். இந்த வரியை விட்டால் முகவரி இருந்தும் பயனில்லை.

பக்கத்துக் கணினியிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. இரு வலையமைப்புகளை இணைக்கும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம், 192.168.20 வரிசையில் இருந்த என் கணினியிலிருந்து மட்டும் பதிலே இல்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் சுவிட்சிலிருந்தே என் கணினிக்கு பிங் செய்தேன். பதில் வரவில்லை என்பதைக் காட்டும் புள்ளிகள் மட்டும் ஐந்து வரிசையாக விழுந்தன. அப்போதுதான் புரிந்தது: கேள்வி சுவிட்சுக்கு வந்து சேர்கிறது, பதில் அனுப்பத்தான் அதற்கு வழி தெரியவில்லை. ஒரே வலைக்குள் மட்டும் தகவல் கடத்தும் இந்த லேயர் 2 சுவிட்ச் தானாக ரவுட்டரைத் தேடிக்கொள்ளாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஐபி டீஃபால்ட்-கேட்வே 192.168.10.1 என்று ரவுட்டரின் முகவரியைச் சொல்லும் ஒரே வரி. மறுபடி பிங், முதல் புள்ளிக்குப் பிறகு, பதில் வந்ததைக் காட்டும் நான்கு ஆச்சரியக்குறிகள்! அவ்வளவு நிம்மதி.

சரி, அத்தோடு எழுந்துவிடவில்லை. நாம் அடிப்பதெல்லாம் ரேமில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அழிந்துவிடும். அதை நிரந்தரமாகச் சேமிக்கும் காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் கட்டளையை அடித்து, சுவிட்சை ரீலோட் (மறுதொடக்கம்) செய்து, எல்லா வரியும் திரும்ப வந்ததைப் பார்த்த பிறகே கேபிளைக் கழற்றினேன்.