‘லி’ வந்தால் எப்படிப் பொருள் பிரிப்பது?

சீன வரலாற்று நூல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவன் நான். எல், ஐ என்று இரண்டே எழுத்தில் வரும் ‘லி’தான் என்னை அடிக்கடி நிறுத்திவைக்கும். அகராதியைத் திறக்குமுன் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்.

முன்னால் எண் இருந்தால் பெரும்பாலும் தூரம். எந்த நாட்டுத் தூரம் என்பது அடுத்த கேள்வி. இன்றைய சீன லி 500 மீட்டர். அதே சீன எழுத்தைக் கொரியாவிலும் ஜப்பானிலும் ‘ரி’ என்று படிப்பார்கள். கொரிய ரி சுமார் 393 மீட்டர், ஜப்பானிய ரி சுமார் 3.9 கிலோமீட்டர். “பத்து ரி நடந்தார்” என்றால் கொரியக் கதையில் ஒரு மணி நேர நடை; ஜப்பானியக் கதையில் பொழுது சாய்ந்துவிடும். பழைய சீன நூல் என்றால் லியின் நீளம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். அங்கே கிலோமீட்டராக மாற்றாமல் ‘லி’ என்றே விட்டுவிடுவேன்.

ஆள் பெயருக்கு முன்னால் வந்தால் குடும்பப்பெயர். இங்கேதான் வம்பு. பிளம் மரத்தைக் குறிக்கும் லி வியட்நாமில் ‘லீ’ ஆகும். 1009 முதல் 1225 வரை ஆண்ட வம்சம் அது. ‘லே’ என்று இன்னொரு வம்சமும் உண்டு, 1428இல் லே லோய் தொடங்கியது. இரண்டையுமே சீன உச்சரிப்பில் எழுதினால் ‘லி’தான்! ஐ எழுத்தின் தலையில் தொனிக்குறி (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி) இருந்தால் பிழைத்தோம்: குழிந்த வளைவு லீக்கு, மேலேறும் கோடு லேக்கு. குறி இல்லையா? ஆண்டைப் பாருங்கள்.

தத்துவத்தில் தொனிக்குறியும் கைகொடுக்காது. கன்பூசியஸ் பேசும் லி சடங்கு, மரியாதை, ஒழுங்கு எல்லாம் சேர்ந்தது. சூ சி என்ற சீனத் தத்துவஞானி (1130–1200) விளக்கும் லி, பொருள்களுக்கு உள்ளிருக்கும் நியதி. இரண்டுக்கும் ஒரே தொனி. சூ சி சடங்குகளைப் பற்றியும் எழுதியவர் என்பதால் ஆசிரியர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அருகிலேயே ‘சி’ (qi) என்ற உயிராற்றலைப் பற்றிப் பேச்சு வந்தால் நியதி என்று எழுதலாம்.

தென்சீனாவின் ஹைனான் தீவு பற்றிய பேச்சு என்றால் லி இன மக்களாக இருக்கலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதா பாருங்கள். பல நூல்களில் மூலச் சீன எழுத்தை அங்கே கொடுத்திருப்பார்கள். அதை நகலெடுத்துத் தேடினால் போதும். அப்புறம் அந்த எழுத்தை உங்கள் குறிப்பேட்டில் பக்க எண்ணோடு போட்டுவையுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் கட்டாயம் கேட்பார்.