கன்னிமாரா ஏரிக்கரை மாளிகை: நெல்லையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தின் பெயர், 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பட்டமோ அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு மலைநாட்டின் பெயர். அங்கே, கால்வே நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், போலகாப்பல் என்னும் ஏரியின் கரையில் கைல்மோர் மாளிகை நிற்கிறது. எங்கள் மகள் கால்வேயில் வேலை பார்ப்பதால் நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையிலிருந்து போய் அந்த மாளிகையை இருமுறை பார்த்து வந்தோம். இருமுறை போக நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் தவறுதான் என்பதால், பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் செல்லும் நம் ஊர்க்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்பு உள்ளூரிலேயே ஒரு நாளைச் செலவிடுங்கள். கைல்மோரைப் போன்ற கட்டடங்களின் பாணிக்கு நவ கோதிக் என்று பெயர். ஐரோப்பாவின் இடைக்காலக் கோயில்களையும் கோட்டைகளையும் 19ஆம் நூற்றாண்டில் மறுபடியும் கட்டிப் பார்த்த பாணி அது. அதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள, தேரி மணலுக்கு நடுவே 192 அடிக் கோபுரத்தோடு நிற்கும் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயமும், திசையன்விளைக்கு அருகே உள்ள இடையன்குடி ஆலயமும் போதும். வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல், இரண்டு கைகளையும் கூப்பியதுபோல உச்சியில் கூராக முடிவதையும், அந்தக் கூர்மை பார்வையை மேலே இழுத்துச் செல்வதையும் உள்ளே நின்று பொறுமையாகக் கவனியுங்கள். இடையன்குடி ஆலயத்தைக் கட்டிய கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது. 1847இல் தொடங்கிய அந்த ஆலயம் 1880இல்தான் நிறைவேறியது. அது பாதிக் கட்டடமாக நின்ற நாட்களில், 1867 முதல் 1871 வரையிலான நான்கே ஆண்டுகளில் கைல்மோர் எழும்பிவிட்டது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு பணம்தான்.

அந்தப் பணம் மான்செஸ்டர் பருத்தி வணிகத்தில் சேர்ந்தது. நம் கரிசல் பருத்தியும் 'தின்னவேலி' என்ற வணிகப் பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய நூற்றாண்டு அது. மிட்செல் ஹென்றி என்பவர் மருத்துவராக இருந்தவர். தந்தையின் செல்வம் கைக்கு வந்ததும் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டார். மணமான புதிதில் மனைவி மார்கரெட்டோடு கன்னிமாராவைச் சுற்றிப் பார்த்தபோது மனத்தில் பதிந்த இடத்தையே பின்னாளில் வாங்கி, அங்கே இந்த மாளிகையைக் கட்டினார். முகப்பு மட்டும் 142 அடி அகலம். கருங்கல்லை நாட்டின் கிழக்குக் கரையில் உள்ள டால்கியிலிருந்து கடல் வழியாகவும், சுண்ணாம்புக் கல்லை பாலினஸ்லோவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட அறைகளில் படுக்கையறைகள் 33, ஆனால் குளியலறைகள் 4 மட்டுமே என்று அறிந்ததும் என் மனைவி உரக்கச் சிரித்துவிட்டார். 1874இல் எகிப்துப் பயணத்தில் நோயுற்று மார்கரெட் இறந்தார். 1903இல் மாளிகை மான்செஸ்டர் கோமகனுக்குக் கைமாறியது. முதல் உலகப்போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் தங்கள் மடத்தை இழந்த பெனடிக்டின் கன்னியர் 1920இல் இதை வாங்கி மடமாக்கினார்கள்; அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளி 2010 வரை இயங்கியது.

பயணத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது என்பதால் அந்நாட்டு விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதை நாட்களை எண்ணிக்கொண்டு செய்யாமல் மாதங்களுக்கு முன்பே செய்துவிடுங்கள். நெல்லைக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடா விமான நிலையம் ஒன்றில் மாறி டப்ளின் போவது வசதி. டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வேக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். கால்வேயிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை மாளிகையில் நிற்கும் நேரம் அளவானது, ஆகவே பிள்ளைகளின் காரில் போவதே என் பரிந்துரை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

மழையைக் குறித்து நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்துச் சாரலை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு மேல்காற்றும் கைவிரல் மரத்துப்போகும் குளிரும் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடை அங்கே பயன்படாது. எங்களுடைய குடை கார் நிறுத்துமிடத்திலேயே தாமரைபோல மேல்நோக்கி விரிந்துகொண்டது. தொப்பியோடு கூடிய மழைச்சட்டையும், ஈரத்தில் வழுக்காத காலணியும் வேண்டும். கோடையில் காற்று நின்றால் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள கடிபூச்சிகள் மொய்க்கும் என்பதால் முழுக்கைச் சட்டை நல்லது.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஏரிக்கரையில் படம் எடுக்க நின்றுவிடுகிறார்கள்; நாங்களும் அப்படித்தான் நின்றோம். படம் எடுத்து, மாளிகையைப் பார்த்து, கட்டிக் கொண்டுபோன புளியோதரையைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபோது, தோட்டத்துக்குப் போக நேரம் இல்லாமல் போயிற்று. தோட்டம் மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சிறு பேருந்தில் அழைத்துப் போகிறார்கள். அதனால் முதலில் தோட்டத்துக்குப் போங்கள். ஆறு ஏக்கர் பரப்பைச் சுற்றி மதில் எழுப்பி, நடுவே ஓர் ஓடையை ஓடவிட்டு, ஒரு பக்கம் மலரும் மறுபக்கம் காய்கறியுமாக அமைத்திருக்கிறார்கள். விக்டோரியா அரசி காலத்தில் வழங்கிய செடி வகைகளை மட்டுமே இன்றும் அங்கே வளர்க்கிறார்கள். ஹென்றியின் நாளில் 21 கண்ணாடி வீடுகள் இருந்தன. கொதிகலனிலிருந்து வெந்நீர்க் குழாய்களை ஓட்டி அவற்றைச் சூடாக்கி, திராட்சையும் அத்தியும் வாழையும் பயிரிட்டார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்காலை வெட்டிவிட்டால் தானாக வளரும் வாழைக்கு அங்கே கொதிகலன் மூட்டிச் சூடு ஏற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணியபடி, இரண்டாம் முறை போனபோது, திருத்தி அமைத்த கண்ணாடி வீட்டின் வெதுவெதுப்பில் நான் வெகுநேரம் நின்றிருந்தேன்.

பிறகு மாளிகை. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பவை கீழ்த்தளத்து அறைகள்தாம். முப்பத்து மூன்று படுக்கையறைகளையும் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். வெளியே நின்று பார்ப்பதற்கே இங்கே நேரம் ஒதுக்க வேண்டும். மதில் உச்சியில் வில்லாளிகள் மறைந்து நிற்பதற்கானவை போன்ற பற்கள் தெரியும். 1867இல் வில்லாளி ஏது? கோட்டை என்றால் ஏரியைப் பார்த்து இவ்வளவு பெரிய சன்னல்களை வைப்பார்களா? பகைவனுக்கு அஞ்சாமல், அழகுக்காகக் கோட்டை வேடம் பூண்ட வீடு இது. நவ கோதிக் மாளிகை என்றால் என்ன என்பதை அந்தப் பற்களையும் சன்னல்களையும் ஒருசேரப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

மெஞ்ஞானபுரத்தில் பழகிய கண்ணுக்கு முழு வேலை கிடைப்பது சிறு ஆலயத்தில். ஏரிக்கரையோடு சிறிது நடந்தால், மார்கரெட்டின் நினைவாக ஹென்றி 1877இல் தொடங்கி 1881இல் முடித்த அந்த ஆலயம் வரும். கோதிக் கட்டடங்களின் வெளிப்புறத்தில் வழக்கமாகத் துருத்தி நிற்கும் கோர முகங்களுக்குப் பதிலாக இங்கே தேவதூதர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே தூண்களை நிறம் பார்த்து அடையாளம் காணுங்கள்: பச்சைப் பளிங்கு கன்னிமாராவிலிருந்து, சிவப்பு கார்க்கிலிருந்து, கறுப்பு கில்கெனியிலிருந்து என்று அயர்லாந்தின் வெவ்வேறு மாகாணங்களின் கல்லை ஒரே கூரையின்கீழ் சேர்த்திருக்கிறார். ஆலயத்தைத் தாண்டிய மரநிழலில் தம்பதியின் கல்லறைக் கட்டடம் இருக்கிறது. 1910இல் இறந்த ஹென்றியின் சாம்பலையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே கூட்டம் வருவதில்லை.

ஏரியில் மாளிகையின் நிழல் படிந்த படம் வேண்டுமென்றால், காற்று எழுவதற்கு முன்பு காலையிலேயே வந்து இறங்க வேண்டும்; பகல் ஏற ஏற நீர் கலைந்துவிடும். திறக்கும், மூடும் நேரங்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால், அவற்றோடு தோட்டத்துக்கான கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் முந்தின இரவே இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.