மிரருக்கு எந்த சிங்க் கருவி?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். டெபியன் லினக்ஸ் ஓடும் 22 மெஷின்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கினால் அன்றைக்கு வகுப்பு நடந்த மாதிரிதான். அதனால் மூலையில் கிடந்த பழைய மெஷினை மிரர் ஆக்கினேன், அதாவது டெபியன் சர்வரில் இருப்பதன் நகல் இங்கேயே இருக்கும், மற்ற மெஷின்கள் இதிலிருந்து இறக்கும்.

நகலை அசலோடு ஒத்துப்போக வைக்கும் சிங்க் கருவியைத் தேடுமுன் ஒன்றைப் பாருங்கள்: மாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? சிங்க்திங், யூனிசன் எல்லாம் இரண்டு பக்கமும் மாறும் கோப்புகளுக்கு. மிரருக்கு மேல் சர்வரிலிருந்து நம் மெஷினுக்கு மட்டும்தான். அதற்கு ஆர்சிங்க். 1996இல் வந்தது, இன்றும் அதை நகர்த்த ஆளில்லை. மாறிய துண்டை மட்டும் இறக்கும் என்று அதைப் புகழ்வார்கள். டெபியனில் அந்த வித்தை அதிகம் பலிக்காது. புதிய பதிப்பு புதிய பெயரில் வருகிறதே! அளவும் தேதியும் மாறாத கோப்பைத் தொடாமல் தாண்டிப் போகிறது பாருங்கள், நமக்கு லாபம் அங்கேதான்.

ஆனால் ஒரே ஓட்டமாக ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன். பேக்கேஜ் (மென்பொருள் பொட்டலம்) பட்டியல் முதலில் வந்துவிட்டது, பேக்கேஜ்கள் பாதி வழியில். பட்டியலில் இருக்கிற புடவை அலமாரியில் இல்லை என்றால் கீழ்க்கடையில் என்ன சத்தம் கேட்குமோ, அது அன்று வகுப்பில் கேட்டது. பட்டியல் கோப்புகளை விலக்கி முதல் ஓட்டத்தில் பேக்கேஜ்களை மட்டும் கொண்டுவாருங்கள். எதையும் அழிக்க வேண்டாம். இரண்டாம் ஓட்டத்தில் பட்டியல். பழையதை அழிப்பது அதற்கும் பிறகு. டெபியன்காரர்களின் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இதையே செய்கிறது. முழு மிரர் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஓட்டத்தில் இத்தனை கோப்புக்கு மேல் அழிக்காதே என்று ஆர்சிங்க்கின் மேக்ஸ்-டிலீட் வரம்பைக் கட்டாயம் வையுங்கள். ஒருமுறை மேல் சர்வர் காலி டைரக்டரியைக் காட்டியது. என் மிரரும் பக்தியோடு காலியானது.

டிஸ்க் சின்னதா, ஒரே ஆர்கிடெக்சர் (ப்ராசஸர் வகை) போதுமா? வேண்டியதை மட்டும் இறக்கும் டெப்மிரர். மேலே ஆர்சிங்க் தராமல் எச்டிடிபி மட்டும் தந்தால் எல்எஃப்டிபியின் மிரர் கட்டளை. கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

அப்புறம், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் சரியாக 2 மணி என்று வைக்காதீர்கள், ஊரே அப்போதுதான் வரும். நான் 2:17 வைத்திருக்கிறேன். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை. பாதியில் நின்ற கோப்பை வைத்துக்கொள்ள ஆர்சிங்க்கில் வெறும் பார்ஷியல் போட்டால் அது நிஜப் பெயரில் கிடக்கும், யாராவது இறக்கிவிடுவார்கள்; அதற்குப் பதில் பார்ஷியல்-டிர் என்று தனி இடம் கொடுங்கள். கீழ்க்கடைக்காரர் மெயினை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போன ராத்திரிகள் எனக்கு உண்டு.