டாலமைட்டில் நுண்ணுயிரிகளின் கைவரிசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

டாலமைட் என்பது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமம். பழைய டாலமைட் பாறையில் அலையலையாக மெல்லிய அடுக்குகளைப் பார்த்ததும் "இது பாக்டீரியா செய்த வேலை" என்று எழுதிவிடும் மாணவர் அறிக்கைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். அடுக்குகள் இருந்தால் அங்கே நுண்ணுயிர்ப் பாய் (சேற்றின் மேல் பாய்போல் படர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம்) வாழ்ந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். அந்தப் பாறை முதலில் சுண்ணாம்புப் படிவாகவே இருந்து, பல லட்சம் ஆண்டுகள் கழித்து மெக்னீசியம் கலந்த நீர் ஊடுருவி டாலமைட்டாக மாறியிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் வேலையே இருக்கிறது.

எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். கடல்நீரின் வேதியியலைக் கணக்குப் போட்டால் டாலமைட் தானாகவே படிய வேண்டும். ஆனால் படிவதில்லை. புவியியலாளர் லிண்டன் லேண்ட் 25 டிகிரி செல்சியஸில், படியத் தேவையானதைவிட 1000 மடங்கு மிகைச்செறிவுள்ள கரைசலை 32 ஆண்டுகள் விட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. 1998-இல் அதை அப்படியே தோல்வி என்று தலைப்பிட்டு வெளியிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சிக்கல் மெக்னீசிய அயனியில் இருக்கிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் அதை இறுகச் சூழ்ந்துகொள்வதால் படிகத்துக்குள் எளிதில் நுழைய முடிவதில்லை.

இங்கேதான் நுண்ணுயிரிகள் உதவுகின்றன. பிரேசிலின் லாகோவா வெர்மெல்யா உப்பங்கழியின் கருஞ்சேற்றை ஆராய்ந்த புவியியலாளர்கள் வாஸ்கோன்செலோஸும் மெக்கென்ஸியும் 1995-இல் சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களைச் சுட்டிக்காட்டினார்கள். இவை ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைக் கொண்டு கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. அப்போது பைகார்பனேட் வெளிப்பட்டு நீரின் காரத்தன்மை கூடுகிறது. செல்லைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பொருளில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகள் மெக்னீசியத்தைப் பிடித்து, அதன் நீர் உறையைக் கழற்றவும் உதவுகின்றன. இதற்கு உயிருள்ள செல்கூடக் கட்டாயமில்லை. செயலற்ற செல் சுவரே போதும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

சரி, பாறைக்கு வருவோம். களத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புப் பாறையின் கனிமமான கால்சைட் உடனே நுரைக்கும். டாலமைட் பொடியாக்கினால்தான் ஓரளவு நுரைக்கும். அப்புறம் மெல்லிய சீவல் வெட்டி, அமிலம் கலந்த அலிசரின் ரெட் சாயத்தில் நனையுங்கள். கால்சைட் சிவக்கும், டாலமைட் நிறமேறாது.

நுண்ணோக்கியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்மணிகள் அடுக்கின் போக்கைக் கலைக்காமல் கிடந்தால், டாலமைட் சீக்கிரமே உருவானது என்று எண்ண இடமுண்டு. பெரிய சாய்சதுரப் படிகங்கள் அடுக்குகளை வெட்டிக்கொண்டு போனால் அது பின்னால் வந்த மாற்றம். முகங்கள் வளைந்த சேண வடிவப் படிகங்களானால் வெந்நீரின் வேலை என்றே நான் வைத்துக்கொள்வேன். நாவற்பழக் கொத்துபோல் குவிந்த நுண்ணிய பைரைட் (இரும்புச் சல்ஃபைடு) உருண்டைகளையும் தேடுங்கள். அவை சல்ஃபேட் ஒடுங்கிச் சல்ஃபைடு உருவான சேற்றைக் காட்டும்.

மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் உருண்டைகளையும் டம்பெல் வடிவங்களையும் பார்த்து மயங்காதீர்கள். உயிரில்லாத கரைசலிலும் அவை வரும். மாதிரியின் மேல் பூசும் தங்கப் படலம்கூடப் பொய் உருண்டைகளைக் காட்டும்.

அடுத்தது எக்ஸ்-கதிர்ச் சோதனை. பாறைப் பொடியில் பட்டுச் சிதறும் கதிர் எந்தக் கோணங்களில் வலுவாக வருகிறது என்பதை இது உச்சங்களாகக் காட்டும். செம்புக் கதிரில் டாலமைட்டின் முதன்மை உச்சம் 31 டிகிரிக்கு அருகில் வரும். அதோடு நிறுத்திவிடாமல், கால்சியமும் மெக்னீசியமும் தனித்தனி வரிசைகளில் அமைந்திருப்பதைக் காட்டும் சிறிய உச்சங்கள், குறிப்பாக 35.3 டிகிரியை ஒட்டியது, இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்த்த "டாலமைட்" பலவற்றில் இந்த உச்சங்கள் இல்லை; அவை மெக்னீசியம் மிகுந்த கால்சைட்தான் என்று வாதிடுவோர் உண்டு, எனக்கும் அதில் பாதி உடன்பாடு. பழைய பாறையில் இவை தெளிவாகத் தெரிந்தாலும், புதைந்து கிடந்த காலத்தில் படிகம் கரைந்து மீண்டும் ஒழுங்கானதாக இருக்கலாம்.

கடைசியாகக் கார்பன் ஐசோடோப்பு. கனமான கார்பன்-13 ஒரு நியம மாதிரியைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதை ஆயிரத்துக்கு இத்தனை என்று அளக்கிறோம். சாதாரணக் கடல் கார்பனேட்டின் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். கரிமப் பொருளுடையது மைனஸ் 25 வாக்கில். டாலமைட்டின் மதிப்பு தெளிவாக எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சல்ஃபேட் ஒடுக்கத்தையும், நேர்ப்பக்கம் நன்கு ஏறினால் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகளையும் சந்தேகிக்கலாம். பூஜ்யத்திலேயே நின்றால் நுண்ணுயிரி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கடல்நீரின் கார்பன் அதிகம் கலந்திருந்தாலும் அப்படித்தான் வரும். இழையமைப்பு (நுண்ணோக்கியில் தெரிந்த மணிகளின் அமைப்பு), பைரைட், ஐசோடோப்பு மூன்றும் ஒரே பக்கம் நின்றால் "நுண்ணுயிரிகள் உதவியிருக்க வாய்ப்பு அதிகம்" என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அடுக்குகளை மட்டும் விவரித்துவிட்டு நிறுத்துங்கள்.